எடைக்குறைப்பு கோச்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது

மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடையைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்கள் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கும் வந்து நாளாகிவிட்டது. பெரும்பாலும் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. கோச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். பணம் கட்டுபவர் கீழக்கரையிலோ மண்டபத்திலோ தொண்டியிலோ இருப்பார். இந்தச் சேவை கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று கேட்டால், டயட் சார்ட்டுக்காகக் கட்டும் காசு வீண் என்பேன். ஒவ்வொரு வாரமும் நீங்கள் நிஜமாகச் சாப்பிட்டதைப் பார்த்து, அடுத்த வாரத்துக்கான அளவை மாற்றித் தருகிற ஆளுக்குக் கட்டும் காசு தகும். அதையும் மாதாமாதம்தான் கட்ட வேண்டும்.

சார்ட் ஏன் வீண் என்றால், அது இலவசமாகவே கிடைக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பாட்டை இப்படிப் பிரிக்கிறது: சமைக்காத அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, மீன் வகையில் 85 கிராம், கொட்டை, விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், இவற்றோடு பால். எடை குறைக்க வேண்டியவர் இதில் அரிசியையும் எண்ணெயையும் இறக்கி, மீனையும் பருப்பையும் ஏற்றினால் பாதி வேலை முடிந்தது. கோச் அனுப்பும் பிடிஎஃப்பில் பெரும்பாலும் இருப்பதும் இதுதான். கூடுதலாக ஓட்ஸ், சியா விதை, ப்ராக்கோலி. இந்த மூன்றும் தேவிபட்டினத்துச் சந்தையில் தேடி அலைய வேண்டிய பொருள்கள். அப்படி ஒரு சார்ட் வந்தால், உங்கள் ஊரைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வாரம் வீட்டிலேயே கணக்குப் பாருங்கள். கிராம் காட்டும் சிறிய சமையலறைத் தராசு ஒன்று, தையல்காரர் டேப் ஒன்று, நோட்டு ஒன்று போதும். காலையில் எழுந்து கழிவறை போய்வந்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். இடுப்பளவைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுங்கள். நம்மவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. உயரம் 160 செ.மீ. இருப்பவருக்கு 59 கிலோவைத் தாண்டினால் அதிக எடை. 64 கிலோவைத் தாண்டினால் உடற்பருமன். மேல்நாட்டு அட்டவணையில் பார்த்தால் இதே ஆள் 'நார்மல்' என்று வரக்கூடும். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால்தான் நமக்குப் பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) எல்லையை 23, 25 என்று கீழே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து எண்ணெய்க் கணக்கு. நால்வர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால், தலைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 38 கிராம் ஆகிறது. அதை மூன்றரை லிட்டராக்கினால் வழிகாட்டி சொல்லும் 27 கிராமுக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு 100 கலோரி யாருக்கும் தெரியாமல் குறையும். தேங்காயையும் விட வேண்டாம். துருவியது 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. இடியாப்பத்துக்குப் பாலும், மீன் ஆனத்துக்கு, அதாவது குழம்புக்கு, அரைத்துவிட்டதும் சேர்ந்தால், பல வீடுகளில் எண்ணெயை விட இது பெரிய கணக்கு. டீ இன்னொன்று. ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சீனி, நாளைக்கு ஐந்து கிளாஸ் என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் இளைக்கும் என்று ஒரு கோச் சொன்னால், அவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். கருப்பட்டிக்கு மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. கலோரி கிட்டத்தட்ட சீனியேதான். தொதல் என்ற இனிப்பில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தே இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த இரண்டு வாரத்தை ஒழுங்காக எழுதி முடித்தவருக்குப் பல நேரம் கோச்சே தேவைப்படாது. நான்காம் நாளே எழுதுவதை நிறுத்திவிட்டவருக்குத்தான் தேவை. எழுத வைப்பதும், எழுதியதைப் பார்ப்பதும்தான் கோச்சிங்கின் உள்ளே இருக்கும் சரக்கு. அமெரிக்காவில் 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பயிற்சியாளர்களோடு 16 அமர்வுகள், உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்று வைத்ததில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இங்கே சென்னை மருத்துவர்கள் முன்நின்று நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. சர்க்கரையின் விளிம்பில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை தந்துவிட்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், போனவர்களில் 18 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது. எடையைக் குறைப்பதற்கென்று நடந்த ஆய்வு அல்ல அது. ஆனாலும், விடாமல் ஞாபகப்படுத்தும் ஒரு குரலுக்குப் பலன் உண்டு என்று காட்டுகிறது. அந்தக் குரலுக்குப் பெரிய தொகை தேவையில்லை என்றும் சேர்த்தே காட்டுகிறது.

விளம்பரங்களில் வரும் "30 நாளில் 10 கிலோ"வைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. பத்துக் கிலோவுக்கு 77,000. ஒரு நாளைக்கு 2,500-க்கு மேல் குறைய வேண்டும். வீட்டு வேலை மட்டும் செய்யும் 70 கிலோ பெண்ணுக்கு நாள் முழுவதும் செலவாவதே 1,800 கலோரி அளவுதான். பச்சைத் தண்ணீரோடு கிடந்தாலும் அந்தக் கொழுப்பு கரையாது. முதல் வாரத்தில் 2, 3 கிலோ இறங்குவது உண்மைதான். தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து தீரும்போது, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சேர்ந்து போகிறது; ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீர். சாதத்தைத் திரும்பத் தொட்டதும் அது திரும்பி வரும். கோச்சுகள் முதல் வாரப் படத்தைக் குரூப்பில் போடச் சொல்வது இதை வைத்துத்தான். நம்பத்தக்க வேகம் வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் முக்கால். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்து கூடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடியும் கொத்தாகக் கொட்டும்.

இந்தக் கடற்கரைக்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாத கோச் வேறு ஊருக்கு நல்லவராக இருக்கலாம், இங்கே பயன்பட மாட்டார்.

மீன் முதல் கேள்வி. சூடை, நெத்திலி, காரல், பாறை, விளமீன் எதுவானாலும் 100 கிராம் சதையில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. இவ்வளவு நல்ல புரதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டப்பா பவுடர் வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். பொரித்தால் கணக்கு மாறும். குழம்பிலோ தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயிலோ செய்வதுதான் கணக்கில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். அப்போதைக்கு மாற்று என்ன என்று கேளுங்கள். 100 கிராம் மீனுக்கு மூன்று முட்டை ஈடு. வேகவைக்கும் முன் 50 கிராம் பயறோ கொண்டைக்கடலையோ எடுத்தால் 10, 11 கிராம் புரதம் வரும். இதை உடனே சொல்பவர் வேலை தெரிந்தவர்.

கருவாடு இன்னொன்று. ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, மறுநாள் காலை தராசு அரைக் கிலோ, ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் அப்படியே. அது கொழுப்பு இல்லை. ஒற்றை நாள் எடையை வைத்துத் திட்டும் கோச்சை விட, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடும் கோச்சுக்கே காசு கொடுக்க வேண்டும்.

படகில் போகிறவருக்குக் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஏழு என்று எழுதிய சார்ட் உதவாது. ராத்திரி முழுக்க வலை இழுத்து விடியலில் கரை திரும்புபவருக்குச் சாப்பாடு கடலில் ஒரு கணக்கு, கரையில் ஒரு கணக்கு. எடை ஏறுவது பெரும்பாலும் கரையில் நிற்கும் நாள்களில்தான். கடல் வேலைக்குப் பழகிய அதே அளவு சாதம், மேலே பரோட்டா, சால்னா. ஒரு பரோட்டா சுமார் 250 கலோரி. குவார்ட்டர் பிராந்தி 400-க்கு மேல், சைடிஷ் தனி. இதைக் கூச்சமில்லாமல் விசாரித்து எழுதிக்கொள்ளும் கோச்தான் வேண்டும்.

நோன்பு மாதத்தைக் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆட்கள் முதலிலேயே பேசிவிட வேண்டும். அந்த மாதத்தில் எடை குறைப்பதைவிட, ஏறாமல் காப்பதே நியாயமான இலக்கு. நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம், பேரீச்சை இரண்டு, பிறகு மீனோ கோழியோ காயோடு சாப்பாடு. வடை, சமோசா தினமும் வேண்டாம். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு முட்டையும் பயறும் இருந்தால் பகலில் பசி தாங்கும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நோன்பு தொடங்கும் முன் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் எந்தக் கோச்சின் பேச்சையும் கேட்கக் கூடாது.

மருந்து விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிருக்கு ஆபத்து. என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் திட்டம் தருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கிளிமிபிரைடோடு சாதத்தைச் சட்டென வெட்டினால் சர்க்கரை கீழே விழுந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர், மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ உணவுக்குப் போனால், ரத்தத்தில் அமிலம் ஏறி, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ஐ.சி.யு. வரை போகக்கூடும். பி.பி. மாத்திரைக்கும் எடை இறங்க இறங்க அளவு குறைக்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தை ஏற்றவே மருத்துவரைக் கேட்க வேண்டும். டிர்செபடைட், செமாக்ளுடைட் எடைக்குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தபின், ஊசியையும் பேக்கேஜில் சேர்த்துப் பேசுவோர் இருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. திறக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். பஸ் பார்சலில் வரும் ஊசியை வாங்கவே வேண்டாம்.

ஷேக் கிளப்புகள் தனி ரகம். காலையில் போய் எடை பார்த்து, டீ போன்ற ஒன்றும், டப்பா பவுடர் கலக்கிய ஷேக்கும் குடித்துவிட்டு வருவது. இளைப்பதற்குக் காரணம், 500 கலோரி காலைச் சாப்பாடு இருந்த இடத்தில் 200 கலோரி ஷேக் வந்திருப்பது. நிறுத்தியதும் பழைய சாப்பாடு திரும்பும், எடையும் திரும்பும். டப்பா விற்றால் கமிஷன் வரும் ஆள், டப்பா வேண்டாம் என்று எப்போதும் சொல்லப் போவதில்லை. அங்கே கையில் பிடிக்கக் கொடுக்கும் கொழுப்பு அளவுக் கருவி, உடம்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். 'உடல் வயது 58' என்று அது காட்டினால் பதற வேண்டாம். எந்தப் பவுடரானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். குடம்புளி, பச்சைத் தேயிலை ஆகியவற்றின் செறிவூட்டிய சாறு கலந்த மாத்திரைகளால் ஈரல் கெட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஜிம் பயிற்சியாளர் உடற்பயிற்சிக்கு நல்லவர்; சாப்பாட்டுக்கு அவரை நம்ப, அவரும் அதைப் படித்திருக்க வேண்டும். 'கோச்' என்று போர்டு மாட்ட இங்கே எந்தத் தேர்வும் தேவையில்லை. இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வெழுதிப் பதிவு பெற்ற டயட்டீஷியன் என்றால் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. இருக்கும், பதிவு எண்ணைக் கேட்டால் தருவார். சர்க்கரையோ பி.பி.யோ உள்ளவர்கள் முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ரத்தச் சர்க்கரை, பி.பி. பார்த்துக்கொள்ளலாம், செலவில்லை. தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ வாராவாரம் டவுனுக்கு வர முடியாதவர்களுக்கு, பதிவு பெற்ற டயட்டீஷியனின் ஆன்லைன் கவனிப்பு நியாயமான செலவு.

சேர்ந்தபின் ஆறாவது, எட்டாவது வாரத்தில் எடை நின்றுவிடும். கோச்சின் தரம் அங்கேதான் தெரியும். நல்லவர் முதலில் நான்கு நாள் அரிசியையும் எண்ணெயையும் திரும்பத் தராசில் வைக்கச் சொல்வார், ஏனென்றால் கையளவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கும். அடுத்து இடுப்பைப் பார்ப்பார். எடை நின்று இடுப்பு குறைந்தால் எதையும் மாற்ற மாட்டார். இரண்டும் நின்றால்தான், இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு என்பதால் 100, 150 கலோரி இறக்குவார் அல்லது நடையைக் கூட்டுவார். தெரியாதவர் நேராக 800 கலோரிக்கு இறக்குவார், இல்லையேல் புது டப்பா ஒன்றை நீட்டுவார்.

பணத்தைப் பற்றி. மாதம் 3,000 என்று ஒருவர் கேட்டால், வாரத்துக்கு எத்தனை நிமிடம் உங்களோடு நேரடியாகப் பேசுவார், பேசுவது அவரா உதவியாளரா, 200 பேர் உள்ள குரூப்பா தனிப்பட்ட கவனிப்பா என்று எழுத்தில் வாங்குங்கள். வாரம் 20 நிமிடத் தனிப் பேச்சும், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சாப்பாட்டுப் படங்களுக்குப் பதிலும் இருந்தால் தரலாம். ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்பதை ஏற்க வேண்டாம். பலர் இரண்டாவது மாதத்திலேயே விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆட்டோபே கொடுத்திருந்தால், யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதிக்குள் போய் நீங்களே ரத்து செய்யலாம், கோச்சின் அனுமதி தேவையில்லை. சொன்ன சேவையைத் தராமல் பணத்தையும் திருப்பித் தராவிட்டால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.