தனுஷ்கோடிக்கு 10 ஸ்டாப் கறுப்புக் கண்ணாடி: வாங்கலாமா?

புகைப்படக்காரர் மைக்கேல் கென்னாவின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்த சூட்டோடு, லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டருக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) ஆர்டர் போடுகிறவர்கள் நிறையப் பேர். கடல் பால் மாதிரி அசையாமல் கிடக்கும், நடுவில் நாலு கம்பு நிற்கும், அவ்வளவுதான் படம். இங்கிலாந்தின் விட்னஸ் ஊரில் 1953-ல் பிறந்த கென்னா, விடியற்காலையிலும் இரவிலும் எடுத்த படங்களால் பேர் வாங்கியவர். சில படங்களுக்கு ஷட்டரை மணிக்கணக்கில் திறந்து வைத்திருக்கிறார். தனுஷ்கோடியில் அந்த வேலை நடக்காது. பொழுது சாயும் முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பகலையே இருட்டாக்கும் இந்தக் கண்ணாடிக்கு ராமநாதபுரம் கரையில் வேலை இருப்பது அதனால்தான். ஆனால் எல்லாக் கடலுக்கும் இது தேவைப்படாது.

பெட்டியில் 3.0 என்று போட்டிருந்தாலும் என்.டி.1000 என்று போட்டிருந்தாலும் சரக்கு ஒன்றுதான்: வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். மேகம் மூடிய காலையில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, எஃப் 11-ல் (லென்ஸ் துளையின் அளவு) கேமராவின் ஒளி மீட்டர் 1/30 விநாடி காட்டினால், கண்ணாடி போட்டதும் ஷட்டர் திறந்திருக்க வேண்டியது 34 விநாடி. உச்சி வெயிலில் எஃப் 16-க்கு 1/100 என்றால் வெறும் 10 விநாடிதான். இந்தப் பத்து விநாடியை வைத்துக்கொண்டு தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் மன்னார் வளைகுடாப் பக்கம் நின்றால் ஏமாற்றம் நிச்சயம். உள்ளூரில் அதற்கு ஆண்கடல் என்று பேர். அலை முழுசாகக் கரையாமல் கிழிந்த பஞ்சு மாதிரி அங்கங்கே தொங்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும், அதாவது கூடவே ஒரு 3 ஸ்டாப் கண்ணாடி. திரும்பிப் பாக் நீரிணையைப் பார்த்து நின்றால், பெண்கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அதே பத்து விநாடியே மெழுகித் தந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வாடையில் கதை தலைகீழ்.

தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு 10 ஸ்டாப் வாங்குவது வீண் செலவு. கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள், கிழக்கே திறந்த வானம்: விடியலில் 1/2 விநாடி காட்டும்போது 6 ஸ்டாப் கண்ணாடியே 32 விநாடி கொடுத்துவிடும். குளிக்க வருகிறவர்கள் நடந்துகொண்டே இருந்தால் படத்தில் விழ மாட்டார்கள். ஒரே இடத்தில் நின்று மந்திரம் சொல்கிறவர் மட்டும் பாதி ஆவியாகத் தெரிவார்.

திருகு வகை வாங்கினால் பித்தளை வளையமாகப் பாருங்கள். அலுமினிய வளையத்தில் உப்பு ஏறினால் லென்ஸோடு கவ்விக்கொள்ளும். கவ்விவிட்டால் விரலால் நெருக்கிப் பிடிக்கக் கூடாது, வளையம் நசுங்கி இன்னும் இறுகும். விளிம்பில் ரப்பர் பேண்டைச் சுற்றி, அழுத்தாமல் திருப்பினால் வந்துவிடும். இரண்டு கண்ணாடி அடுக்கினால் அகல லென்ஸில் மூலைகள் கறுக்கும். திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் வகை வேண்டாம், கடைசி அளவில் வானத்தில் பெருக்கல் குறி போலக் கறை விழும்.

மலிவுக் கண்ணாடிகளில் நீலமோ பழுப்போ நிறம் ஏறும் என்று புலம்புவார்கள். கறுப்பு வெள்ளைக்கு அது பெரிய குறையில்லை. கவனிக்க வேண்டியது அகச்சிவப்புக் கசிவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை விட்டுவிடும் கண்ணாடியில், சவுக்குத் தோப்பும் உடைமரமும் வெளுத்துச் சாம்பலாகிவிடும். கரும்பச்சை கறுப்பாக நின்றால்தானே வெள்ளை மணல் எடுபடும்? பெட்டியில் ஐ.ஆர். (அகச்சிவப்பு) தடுப்பு உண்டா என்று பார்த்து வாங்கவும்.

எடுக்கும் வரிசை மாறக் கூடாது. கண்ணாடி இல்லாமலே ஃபிரேம் வைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, மீட்டர் பார்த்துவிட்டு அப்புறம்தான் மாட்ட வேண்டும். தனுஷ்கோடி மணல் மீட்டரை ஏமாற்றும். காட்டியதைவிட ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 30 விநாடிக்கு மேல் என்றால், நாம் மூடும்வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் பல்ப் மோடும் ரிமோட்டும் வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். என்றால் வியூஃபைண்டரை மூட மறக்கக் கூடாது, பின்பக்க வெயில் அதன் வழியே புகுந்து படத்தின் நடுவே புகைபோலப் படியும். ஃபிலிமில் எடுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு: இல்ஃபோர்ட் எஃப்.பி.4 பிளஸ்ஸில் 34 விநாடி என்பது நடைமுறையில் 85 விநாடி, ஏனென்றால் நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்வு மங்கும்.

டிரைபாட் காலைத் தண்ணீரில் வைப்பதானால் கடைசிக் கணுவை முதலில் முழுசாக நீட்டுங்கள், பூட்டு உப்புநீருக்கு மேலே நிற்கும். ஊன்றிவிட்டு இரண்டு அலை போகட்டும். அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துப் போகும், டிரைபாட் நெல்லளவு இறங்கினாலும் படம் போச்சு. பாம்பனில் சாலைப் பாலத்தின் மேல் இந்தக் கண்ணாடியை எடுக்கவே வேண்டாம், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தளம் அதிரும். கீழே கரைக்கு இறங்கி, 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றால் அதைத் தூண் வரிசையாகப் பார்க்கலாம். பக்கத்திலேயே 2025-ல் திறந்த புதுப் பாலம் இருப்பதால், கென்னா பாணி வெறுமை வேண்டுமானால் கோணத்துக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். நங்கூரம் போட்ட வத்தைகளை (சிறு படகுகளை) நம்பாதீர்கள், அரை நிமிடத்தில் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். கரையேற்றிய படகு, இடிந்த சுவர், நட்ட கம்பு: இப்படி அசையாத ஒன்று கிடைக்காத இடத்தில் இந்தக் கண்ணாடி தருவது வெறும் சாம்பல் நிறச் சதுரம்தான்.

6 ஸ்டாப் கையில் இருப்பவர்கள் அடுத்து இதை வாங்கலாம். ஒன்றுமே இல்லாதவர்கள் தனுஷ்கோடிக்கென்றால் இதிலேயே தொடங்கலாம். காந்த வகை மாட்டக் கழற்றச் சுகம், ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரக் கையோடு அதைக் கையாள்வது ஆபத்து. எந்த வகையானாலும் திவலை பட்டால் துணியால் துடைக்காதீர்கள், உப்புப் பருக்கை கீறிவிடும். முதலில் பாட்டிலில் இருக்கும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், பிறகு துணி.