ஆன்டிவைரஸ் போடுவதாகப் பணம் வாங்கி, இருந்த காவலையும் அணைத்துத் தரும் கடைகள்: குமரி மாவட்டத்தினருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கணினியைக் கடையில் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கியவர்கள் யாராக இருந்தாலும், இன்றே அதில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற பகுதியைத் திறந்து, வைரஸ் தடுப்பு இயங்குகிறதா, அதன் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்னும் விலக்குப் பட்டியலில் எதையாவது சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அந்தப் பட்டியலில், விண்டோஸ் குடியிருக்கும் ‘சி’ டிரைவ் முழுவதும் இருந்தால், காவலுக்கு ஆளை வைத்துவிட்டு வாசல் பக்கம் மட்டும் பார்க்காதே என்று அவனிடம் சொல்லி வைத்ததற்கு அது ஒப்பாகும். என் அக்கா வீட்டுக் கணினியை ஒரு கடை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு மின்னஞ்சல் வழியாக வந்த ஒரு வைரஸ் அதிலிருந்த கோப்புகளைப் பூட்டியது. பூட்டிய கோப்புகளை மீட்பதற்கு இருந்த வாய்ப்பையும் அதே கடை அழித்தது.

அக்கா வீடு தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐப்பசி மாதத்து இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட, அத்தான் அதை மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார். புதிய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ், ‘மூன்று வருட ஆன்டிவைரஸ்’ என்று மூன்றுக்கும் தனித்தனியாக விலை சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, ரசீதுக்குப் பதிலாகக் கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பழைய டிஸ்கிலிருந்து எடுக்க முடிந்தவற்றைப் புதியதில் ஏற்றிக் கொடுத்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அந்த வேலையை அவர்கள் ஒழுங்காகவே செய்தார்கள்.

அந்தக் கணினியில் இருந்தவை சாதாரணக் கோப்புகள் அல்ல. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைவதற்கு முன்னர் மலையாளத்தில் எழுதப்பட்ட குடும்ப ஆதாரங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, அத்தான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார். மூலங்கள் பல பங்காளிகளின் கையில் சிதறிக் கிடக்கின்றன. ரப்பர் ஷீட் விற்ற கணக்கும், மறைந்துவிட்ட எங்கள் அப்பாவின் புகைப்படங்களும், நர்சிங் முடித்து வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருந்த அக்கா மகளின் சான்றிதழ் நகல்களும் அதிலேயே இருந்தன.

அக்கா மகள் பல இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருந்த வேளையில், ஒரு மருத்துவமனையின் பெயரில் பணிநியமனக் கடிதம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார், அல்லது போவதற்காகக் காத்திருக்கிறார் என்னும்போது, இத்தகைய கடிதத்தைத் திறந்து பார்த்ததற்காக அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கடிதத்தில் கோப்பு நேரடியாக இணைக்கப்படவில்லை. ஒரு லிங்கைத் தொட்டால் ஸிப் என்னும் சுருக்கிக் கட்டிய கோப்பு இறங்கும், அதைத் திறப்பதற்கான கடவுச்சொல் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும் என்ற வகையில் அது அமைந்திருந்தது.

இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. ஜிமெயில் போன்ற சேவைகள் ‘இஎக்ஸ்இ’ என முடியும் இயங்கு கோப்புகளை கடிதத்தோடு இணைத்து அனுப்ப விடுவதில்லை; ஸிப் கோப்புக்குள் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். ஆகவே மோசடிக்காரர்கள் கோப்பை வேறோர் இடத்தில் வைத்து லிங்கை மட்டும் அனுப்புகிறார்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது இரகசியம் காப்பதற்காக அல்ல, வழியில் சோதிக்கும் மென்பொருள் உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். பூட்டிய கோப்பும் அதன் கடவுச்சொல்லும் ஒரே கடிதத்தில் வந்தால், அனுப்பியவர் யாராக இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்யாமல் அதைத் தொட வேண்டாம்.

ஸிப்புக்குள் இருந்த கோப்பின் பெயர் ‘பிடிஎஃப்’ என்று முடிவதாகவே திரையில் தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் தெரிந்த சின்னமும் பிடிஎஃப் சின்னம்தான். உண்மையில் அதற்குப் பின்னால் ‘இஎக்ஸ்இ’ என்ற இன்னொரு வால் இருந்தது. தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் வாலை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பான அமைப்பு என்பதால், அந்த இரண்டாவது வால் கண்ணில் படுவதில்லை. 2000 மே 4 அன்று உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் இதையே செய்தது: காதல் கடிதம் என்ற பெயரில் வந்த அந்தக் கோப்பு ‘டிஎக்ஸ்டி’ என்னும் எழுத்துக்கோப்பைப் போலத் தெரிந்தது, மறைந்திருந்த உண்மையான வாலோ, திறந்ததும் இயங்கும் நிரலைக் குறிக்கும் ‘விபிஎஸ்’. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் இந்த ஏமாற்று பலிப்பதற்கு அந்த இயல்பு அமைப்பு மாறாமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்வு செய்தால் வால்கள் அனைத்தும் தெரியத் தொடங்கும். கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது என்று நான் கருதுகிறேன்.

அவள் அந்தக் கோப்பைத் திறந்த சிறிது நேரத்தில் புகைப்படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் சேர்ந்துகொண்டன, எதுவும் திறக்கவில்லை. டாலரில் பணம் கேட்கும் குறிப்பு ஒவ்வொரு ஃபோல்டரிலும் கிடந்தது. கணினியில் செருகியிருந்த பென் டிரைவில் இருந்தவையும் பூட்டப்பட்டுவிட்டன. ஓரிரு நாளில் குளச்சலிலிருந்து சித்தி மகன் அழைத்து, அவளுடைய பெயரில் தனக்கு ஒரு விநோதமான மின்னஞ்சல் வந்திருப்பதாகச் சொன்னான். பிரவுசரில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களும் களவு போயிருந்தன என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

இவ்வளவு நடந்தும் கடையில் வாங்கிய ‘மூன்று வருட ஆன்டிவைரஸ்’ ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. அத்தான் கணினியை மீண்டும் அதே கடைக்குக் கொண்டுபோனார். வைரஸ் வந்தால் ஃபார்மட் செய்வது ஒன்றே வழி என்று சொல்லி, வீட்டில் எவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் டிஸ்க் முழுவதையும் அழித்து, அதன் மேல் விண்டோஸை மறுபடியும் ஏற்றி, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

என் மனம் இன்றும் ஆறாமல் இருப்பது இந்த ஒரு செயலால்தான். பூட்டப்பட்ட கோப்பு இறந்துபோன கோப்பு அல்ல. 2016 ஜூலையில் நெதர்லாந்து காவல்துறையும், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும், இரண்டு வைரஸ் தடுப்பு நிறுவனங்களும் சேர்ந்து ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தைத் தொடங்கின. பூட்டும் வைரஸ்கள் பலவற்றுக்கான திறவுகோல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் பரவத் தொடங்கிய ‘கேண்ட்கிராப்’ என்ற வைரஸின் கடைசிப் பதிப்புகளுக்குத் திறவுகோல் 2019 ஜூனில்தான் வந்தது. அதுவரை பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் அவற்றைத் திரும்பப் பெற முடிந்தது. எங்களைத் தாக்கியதற்கும் இன்றில்லாவிட்டாலும் நாளை ஒரு திறவுகோல் வரக்கூடும். ஆனால் திறப்பதற்கு இப்போது எங்களிடம் கோப்பு இல்லை. திறவுகோல் எதுவும் இல்லாத காலத்திலும், டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றைப் போடுவது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த எளிய வேலைதான்.

இரண்டாம் முறை திரும்பி வந்த கணினியை நான் போய்ப் பார்த்தபோது, விண்டோஸுடன் இலவசமாகவே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருந்தது, விலக்குப் பட்டியலில் ‘சி’ டிரைவ் முழுவதும் இருந்தது, அப்டேட் நிறுத்தப்பட்டிருந்தது, எந்தப் புதிய மென்பொருளும் அனுமதி கேட்ட பிறகே உள்ளே வர வேண்டும் என்ற ‘யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்’ அமைப்பும் அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. ஆன்டிவைரஸ் என்று அவர்கள் போட்டது முப்பது நாள் இலவசப் பதிப்பு. முதல் முறை என்ன செய்திருந்தார்கள் என்பதற்கான தடயம் ஃபார்மட்டோடு போய்விட்டது. ஆனால் நானும் அத்தானும் நேரில் போய்க் கேட்டபோது கடைக்காரரே அதைச் சொன்னார்: “அண்ணே, இத அணைக்கலைன்னா நாங்க போடுற விண்டோஸ் நிக்காது. எல்லாருக்கும் இப்பிடித்தான் போட்டுக் குடுக்கோம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் பெற்றதாகக் காட்டுவதற்குக் கடைகளில் ‘ஆக்டிவேட்டர்’ என்ற கள்ள மென்பொருளைப் போடுகிறார்கள். டிஃபெண்டர் அதைக் கண்டதும் தீய மென்பொருள் என்று நீக்கிவிடும். அதனால் முதலில் டிஃபெண்டரை அணைக்கிறார்கள். நாம் காசு கொடுத்துப் பாதுகாப்பு வாங்குவதாக நினைக்கும் அதே நேரத்தில், கள்ள மென்பொருள் பிழைத்திருப்பதற்காக நம் பாதுகாப்பு விலக்கப்படுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், அக்கா வீட்டுக் கணினிக்கு இந்தக் கள்ள வேலை தேவையே இல்லை. அது உரிமம் பெற்ற விண்டோஸுடன் வாங்கிய பிராண்டட் கணினி. விண்டோஸ் 8 காலம் முதல் இத்தகைய கணினிகளின் மதர்போர்டிலேயே உரிம எண் பதிக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் அது அழியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய விண்டோஸை ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாகவே உரிமம் ஏற்கப்படும். வாங்கும்போது வந்தது ஹோம் பதிப்பு, கடையில் போட்டதோ ப்ரோ பதிப்பு. அதனால்தான் உரிமம் பொருந்தவில்லை, அதனால்தான் ஆக்டிவேட்டர். ஹோம் பதிப்பை நாங்களே ஏற்றினோம். ஒரு ரூபாய் செலவில்லாமல் உரிமம் ஏற்கப்பட்டது, டிஃபெண்டரும் இயங்குகிறது. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அதற்கு மேல் விலை கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இத்தகைய தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, பென் டிரைவ் போன்றவற்றைக் கழற்றிவிட வேண்டும். பணம் கேட்கும் குறிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பணம் அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல் வேறொரு கருவியிலிருந்து மாற்றி, மற்றெல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி செய்யுங்கள். மின்னஞ்சல் அமைப்பில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியைத் திறந்து, வரும் கடிதங்கள் அறியாத முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் இந்தக் கசிவு தொடர்வது உண்டு. 1930 என்ற எண்ணிலும் சைபர் கிரைம் தேசியத் தளத்திலும் புகார் அளிக்கலாம்.

குப்பை மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதும், அறிமுகமில்லாத கடிதத்தின் அடியில் உள்ள ‘அன்சப்ஸ்கிரைப்’ என்பதைத் தொடுவதும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவருக்குச் சொல்லிக் கொடுப்பதாகும். அதை ‘ஸ்பேம்’ என்று குறித்துவிட்டு நகர்வது நல்லது. அனுப்பியவர் பெயரை எவரும் எப்படியும் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், பெயரை அல்லாமல் அதற்குப் பின்னுள்ள முகவரியைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலை என்று வரும் கடிதத்தில் ஏஜென்சியின் பெயர் இருந்தால், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் உள்ள பதிவு பெற்ற முகவர்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

கடைக்கு எதிராக நுகர்வோர் சட்டப்படி புகார் தயாரித்து வருகிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கோ செய்த பணிக்கோ ரசீது தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்குக்கு முன் ஆலோசனை வேண்டுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். துண்டுச் சீட்டும், விலக்குப் பட்டியலைக் காட்டும் கணினித் திரையின் படங்களும், கடை ஃபார்மட் செய்த அதே ஹார்ட் டிஸ்கும் எங்களிடம் இருக்கின்றன. டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றில்தான் ஹோம் பதிப்பை ஏற்றினோம். மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பகுதிகளில் இதே போன்று உரிமம் உள்ள கணினியில் ப்ரோ பதிப்பைப் போட்டுப் பணம் வாங்கப்பட்டவர்கள், எதையும் அழிப்பதற்கு முன் அந்தத் திரைகளைப் படம் எடுத்து, கடையில் எழுத்து வடிவிலான ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.