கால் குழாய் ரத்தம்

கடந்த தை மாதம் டொரன்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் தஞ்சாவூருக்குச் சென்றிருந்தபோது, அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனைகளை நானே உடனிருந்து முடித்துவிட எண்ணினேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதி இப்போது ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் சொல்லிவைத்தேன், காலை ஆறரைக்கெல்லாம் ஒரு தம்பி பைக்கில் வந்து நின்றார்.

அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கடினம். மூன்றாவது முறை குத்தியபோது மஞ்சள் மூடிக் குழாயில் கால் பங்குதான் நிரம்பியது. "இது போதும்மா" என்று அதைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் நான்கு வீடுகள் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். மாலையில் வந்த அறிக்கையில், ரத்தத்தில் சேரும் அமிலத்தைச் சமன்செய்யும், லிட்டருக்கு 22 முதல் 29 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பைகார்பனேட் 14 என்றிருந்தது.

மறுநாள் மருத்துவர் அறிக்கையைவிட அம்மாவின் மூச்சைத்தான் அதிக நேரம் கவனித்தார். ரத்தத்தில் அமிலம் அந்த அளவுக்கு ஏறியிருந்தால், கரியமில வாயுவை வெளியேற்றுவதற்காக நுரையீரல் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்திருக்கும். அம்மாவோ மாடிப்படி ஏறி வந்து, அவருடைய சொந்த ஊரை விசாரித்துக்கொண்டிருந்தார். "குழாய் நிறைய எடுத்தாங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். குழாயில் வெற்றிடம் மிகுந்தால், திறந்து வைத்த சோடாவில் இறங்குவதுபோல ரத்தத்திலிருந்து வாயு வெளியேறி, பைகார்பனேட் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்றார். தவிர, சீரம் எனப்படும் தெளிந்த ரத்த நீரை அணுக்களிலிருந்து பிரிக்காமல் பல மணி நேரம் கிடந்தால், ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடும்; அதைச் சமன்செய்யவும் பைகார்பனேட்தான் செலவாகும்.

ஆய்வகத்துக்கே நேரில் சென்று, குழாய் நிரம்ப எடுத்து உடனே சுழற்றிப் பிரித்ததில் 20 வந்தது. அன்றாட அமிலத்தை முழுவதும் வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு இது எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2012இல் மாத்திரை தொடங்க 22ஐ வரம்பாகச் சொன்னது. 2024 வழிகாட்டுதலில் 18க்குக் கீழே இறங்காமல் காப்பதையே வலியுறுத்துகிறது. ஆகவே மாத்திரை இப்போது வேண்டாம் என்றார். 14ஐ நம்பியிருந்தால் சோடியம் பைகார்பனேட் தொடங்கியிருக்கும், கணுக்கால் வீக்கமும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்தச் சோடியம் தனிச் சுமை.

இரண்டாம் பரிசோதனைக்கு ஆய்வகம் பணம் வாங்கவில்லை. முதல் அறிக்கையைத் திரும்பப் பெறவும் இல்லை. அம்மாவின் கோப்பில் அந்த 14க்குப் பக்கத்தில் 'கால் குழாய் ரத்தம்' என்று பேனாவால் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.