தராசு புளூடூத்தில், கணக்கு சி-யில்: ஃபிளட்டருக்கு எந்தப் பாலம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணிக்கு (எழுத்தருக்கு) எடை பதியும் ஆப் செய்வதாக வைத்துக்கொள்வோம். எடை புளூடூத் தராசிலிருந்து வரவேண்டும். தராசு அனுப்பும் பைட்டுகளைக் கிலோவாக மாற்றும் சி நூலகத்தை விற்பவரே தருகிறார். மரங்களுக்கு நடுவே லைன் கிடைக்காது, ஆகவே எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே முடியவேண்டும். டார்ட் மொழியில் ஆப் எழுதும் கருவியான ஃபிளட்டர் திரையைப் பார்த்துக்கொள்ளும். தராசை எட்ட, கோட்லின் போலக் கைப்பேசியின் சொந்த மொழியில் எழுதும் நேட்டிவ் குறியீடு வேண்டும்.

இரண்டையும் இணைக்க மெத்தட் சேனல் (டார்ட்டும் கோட்லினும் செய்தி அனுப்பிக்கொள்ளும் வழி), பிஜன் (அந்தச் செய்திக் குறியீட்டை எழுதித்தரும் கருவி), டார்ட் எஃப்எஃப்ஐ (சி செயற்கூறுகளை நேராக அழைப்பது) என்று வழிகள் மூன்று. எது வேகம் என்று கேட்பதற்கு முன், அழைக்கப்போவது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டின் புளூடூத் ஜாவா, கோட்லின் பக்கம் இருக்கிறது. சி-யோடு பேசும் எஃப்எஃப்ஐ அதை நேரடியாகத் தொடாது. சி நூலகத்தைச் சேனல் வழியாகவும் அழைக்கலாம்தான், ஆனால் நடுவில் ஜாவாவையும் சி-யையும் இணைக்கும் ஜேஎன்ஐ குறியீடு எழுதவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

கற்பவர் மெத்தட் சேனலைக் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும். டார்ட்டிலும் கோட்லினிலும் ஒரே சேனல் பெயர். ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது. ஓடும்போதுதான் மிஸ்ஸிங் பிளகின் எக்செப்ஷன் என்ற பிழை வரும். பெயர் சரியாக இருந்தும் அது வந்தால், கோட்லினை மாற்றிவிட்டு ஹாட் ரீலோட் (ஆப்பை நிறுத்தாமல் டார்ட் மாற்றத்தை மட்டும் ஏற்றுவது) மட்டும் செய்தீர்களா என்று பாருங்கள். ஆப்பை நிறுத்தி மறுபடி பில்ட் செய்யவேண்டும்.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. டார்ட்டின் இன்ட், 32 பிட்டில் அடங்கினால் கோட்லினுக்கு இன்ட்டாகவும், மீறினால் லாங்காகவும் போகும். டிக்கெட் எண் 12 ஒழுங்காகப் போகும்; மில்லிசெகண்டில் நேரம் அனுப்பியதும், கோட்லின் அதை இன்ட்டாக வாங்கினால், கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் பிழை. நம்பர் வகையாக வாங்கி லாங்காக மாற்றினால் தீரும்.

சேனலின் கையாளி சாதாரணமாகத் திரையையும் இயக்கும் மெயின் திரெட்டில் ஓடும். புளூடூத் இணைப்பை அங்கேயே வைத்தால் திரை உறைந்துபோகும்; தனித் திரெட்டில் இணைத்து, பதிலை மட்டும் மெயின் திரெட்டில், ஒரே ஒரு முறை அனுப்புங்கள். ஓயாமல் வரும் எடைக்கு, மதிப்புகளைத் தொடர்ச்சியாக அனுப்பும் ஈவென்ட் சேனல் பொருத்தம். ஒரு வரி இரண்டு துண்டாகவும் வரும், வரிமுடிவுக் குறி கிடைக்கும்வரை சேர்த்துவையுங்கள். இல்லாவிட்டால் 1250 கிலோ 12 கிலோவாகப் பதிவாகி, சம்பள நாளில் கிராணி மாட்டிக்கொள்வார்.

பிஜனும் அடியில் அதே சேனல்தான். ஒரு டார்ட் கோப்பில் வரையறையை எழுதினால் இரு பக்கக் குறியீட்டையும் உருவாக்கித் தரும், இன்ட் எப்போதும் லாங்காகவே வரும், பெயர்ப் பிழை பில்டிலேயே பிடிபடும். வரையறையை மாற்றினால் பிஜனை மறுபடி ஓட்ட மறக்காதீர்கள். நாலைந்து அழைப்புகளைத் தாண்டிய பிறகும் கையால் எழுதுவது வீண் பிடிவாதம்.

எஃப்எஃப்ஐ-யில் செய்தியைக் கட்டிப் பிரிக்கும் வேலையே இல்லை. சி செயற்கூறு நேராக ஓடி விடை தரும். ஓடும்வரை டார்ட் காத்திருக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16 மில்லிசெகண்ட்தான். அதற்குமேல் இழுக்கும் கணக்கை, திரைக்கு வெளியே தனியாக ஓடும் ஐசோலேட் ரன்னில் போடுங்கள். நூலகம் சி பிளஸ் பிளஸ் என்றால் எக்ஸ்டர்ன் சி அறிவிப்பு வேண்டும், இல்லாவிட்டால் செயற்கூற்றின் பெயர் சிதைந்து, டார்ட் தேடும் சிம்பல் கிடைக்காது. சி-க்கு நினைவகம் ஒதுக்கும் கேலாக்கில் வாங்கிய நினைவகத்தை நீங்களேதான் விடுவிக்கவேண்டும். வகையைத் தவறாக அறிவித்தால் பிழையே வராது, குப்பை எண் வரும். அதைவிட மோசம், சி பக்கம் தவறான பாயின்டரைத் தொட்டால் ட்ரை கேட்ச் காப்பாற்றாது. முழு ஆப்பும் விழும். சேனலில் கோட்லின் பிழை பெரும்பாலும் பிளாட்ஃபார்ம் எக்செப்ஷனாக வந்து நிற்கும். அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை.

ஆகவே இந்த ஆப்புக்குப் புளூடூத் பிஜனிலும் ஈவென்ட் சேனலிலும், பைட்டுக் கணக்கு எஃப்எஃப்ஐ-யிலும் இருக்கட்டும். தராசுக்குப் பணம் கட்டுமுன் விற்பவரிடம் நூலகத்தின் மூலக்குறியீட்டைக் கேளுங்கள். கம்பைல் செய்த எஸ்ஓ கோப்பு மட்டும்தான் தருவார் என்றால், பழைய 32 பிட் கைப்பேசிக்கும் தனிக் கோப்பு உண்டா, 64 பிட் கோப்பு 16 கேபி நினைவகப் பக்க அளவுக்குக் கட்டப்பட்டதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காகக் கொண்ட புதிய ஆப்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் கூகுள் பிளே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மூலக்குறியீடு கையில் இருந்தால், ஆண்ட்ராய்டுக்குச் சி குறியீட்டைக் கட்டும் கருவியான என்டிகே 28-இல் மறுபடி பில்ட் செய்தால் போதும். அதுவும் இல்லாமல், கோப்பும் அப்படிக் கட்டப்படாவிட்டால், விற்பவர் புதிய கோப்பு அனுப்பும்வரை ஆப்பைப் பிளேயில் ஏற்ற முடியாது.