ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு தூதுவளை சூப்

மார்கழியில் மதுரைக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான். ஆனாலும் அப்பாவுக்குச் சளி கட்டிவிடும். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்க வருபவர்களுக்காக விடியற்காலையில் நிற்கும் சூப் வண்டிதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. முள் ஆய்ந்த தூதுவளை இலையை நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுகிறார் அந்த அக்கா. சோளமாவு கரைத்துக் கெட்டியாக்குவதில்லை, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். காரம் தொண்டையில் நின்று இறங்கும். மூக்கடைப்பு கொஞ்ச நேரமாவது விடும். முடக்கத்தான் சூப் சுமார்தான், கசக்கிறது. உப்பைக் கடைசியில்தான் போடுகிறார், அதுவும் தாராளமாக. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சூப்பை நம்பாமல் டாக்டரிடம் போங்கள். ஏழரைக்கு மேல் வந்தால் அடிமண்டிதான் மிஞ்சும்.