செவோஃப்ளூரேன்: இதயக் காப்பு என்ற கூடுதல் பெயர் பொருந்துமா?

பைபாஸ் அறுவை அரங்கில் செவோஃப்ளூரேனுக்கு, மூச்சுவழி ஆவியாக மயக்கம் தரும் மருந்து என்பதோடு இதயத்தைக் காக்கும் மருந்து என்ற பெயரும் நெடுங்காலமாக உண்டு.

மயக்க மருந்து என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகமில்லை. இதன் மணம் மூச்சுக்குழாயை உறுத்துவதில்லை. இரத்தத்தில் குறைவாகவே கரைவதால் மயக்கத்தின் ஆழத்தை விரைவாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. இதே வகையைச் சேர்ந்த டெஸ்ஃப்ளூரேன் இன்னும் வேகமானதுதான். ஆனால் ஏறக்குறைய 23 டிகிரியிலேயே கொதிப்பதால் அதற்குச் சூடேற்றும் தனி வேப்பரைசர் (திரவ மருந்தை ஆவியாக்கும் கருவி) வேண்டும், அளவைச் சட்டென்று கூட்டினால் நாடித்துடிப்பும் ஏறும்.

இதயக் காப்பு என்ற எண்ணத்தின் வேர் 1986இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. நாய்களின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டுப் பிறகு 40 நிமிடங்கள் அடைத்தபோது, அவ்வாறு பழக்கப்படாத இதயங்களில் நேர்ந்த தசைச் சேதத்தில் கால் பங்கே அவற்றில் நேர்ந்தது. தமனியை அடைக்காமலேயே இதையொத்த பாதுகாப்பை ஆவி மயக்க மருந்துகளும் தூண்டுகின்றன என்று பின்னர் ஆய்வகங்களில் தெரியவந்தது. பெல்ஜியத்தில் நடந்த ஆய்வுகளில், இரத்தக்குழாயில் செலுத்தும் மயக்க மருந்தான புரோபோஃபால் பெற்றவர்களைவிடச் செவோஃப்ளூரேன் பெற்றவர்களின் இரத்தத்தில், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் குறைவாக இருந்தது. அறுவை முழுவதும் கொடுத்தபோதுதான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் ட்ரோபோனின் குறைவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு. 2019இல் வெளியான, 13 நாடுகளில் 5,400 பைபாஸ் நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘மிரியட்’ ஆய்வில், ஓராண்டு இறப்பு ஆவி மருந்துப் பிரிவில் 2.8 சதவீதம், இரத்தக்குழாய்வழி மருந்துப் பிரிவில் 3.0 சதவீதம், புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. இதயத்தை நிறுத்தும் கார்டியோப்ளீஜியா கரைசல் ஏற்கெனவே பெரும் பாதுகாப்பைத் தந்துவிடுவதால், மயக்க மருந்து கூடுதலாகச் செய்ய மிச்சம் அதிகமில்லை என்பது என் கணிப்பு.

எனவே இதயக் காப்பை மட்டும் நம்பி இதைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. எளிதில் கட்டுப்படுத்தலாம் என்பதே போதுமான காரணம். இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும் நேரத்தில் நுரையீரல் வழியே வாயு செல்லாதாகையால், அந்த இயந்திரத்தில் இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குச் செல்லும் வாயுக்குழாயில் வேப்பரைசரும், கழிவு வாயுவை வெளியேற்றும் ஏற்பாடும் இருந்தாக வேண்டும். அந்த வசதி இல்லாத அரங்கில் அந்நேரத்துக்குப் புரோபோஃபாலே சரி. குடும்பத்தில் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (சில மயக்க மருந்துகளால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும் பரம்பரைக் கோளாறு) கண்டிருந்தால் செவோஃப்ளூரேனைத் தொடவே கூடாது.