எச்சரிக்கை: காருக்கான ஆயிலைப் பைக்கில் ஊற்றி அனுப்பினார்கள், 7,460 ரூபாய் போயிற்று

ஏழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். எண்ணிலும் எழுதிவிடுகிறேன்: 7,460. ஆயில் மாற்றப் போனதற்கு ஆன செலவு இது. என்னுடையது ஏழு வருடமான 150 சிசி பைக். இந்தப் பணத்தில் முன்னும் பின்னும் புது டயர் போட்டு, இன்சூரன்சையும் புதுப்பித்திருப்பேன். பைக்குக்கு ஏற்ற எஞ்சின் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறைகள், உதிரிபாகக் கடைகள், அவற்றுக்கு நடுவே ஆயில் கடைகள். இந்த ஊரில் ஆயில் விற்கிறவருக்கு ஆயிலைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதிலும் நான் போனது, என் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் பக்கெட் பக்கெட்டாக ஆயில் வாங்கிய கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை. பட்டறை வரிசையில் இருக்கிற, ஆயிலை விற்று அங்கேயே மாற்றியும் கொடுக்கிற கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் பட்டறையை மூடியிருந்தார். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கொல்லிமலைக்குப் போக வேண்டும். ஆயில் மாற்றி நாலாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. சரி, அப்பா வாங்கிய கடைக்கே போவோம் என்று வியாழக்கிழமை மாலை வண்டியைத் திருப்பினேன்.

முதலாளி என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “லாரிக்காரர் மகன்தானே நீ? அப்பா எப்படி இருக்கிறார்? சர்க்கரை குறைந்ததா?” ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். அப்பா ஒருமுறை தீபாவளிக்கு முந்தின இரவு அவசரமாக வந்ததையும், கடையை மறுபடி திறந்து ஆயில் கொடுத்ததையும் சொன்னார். இப்படி விசாரிக்கிற மனிதரிடம், “கொஞ்சம் இருங்கள், டப்பாவில் இருப்பதை முழுக்கப் படித்துவிடுகிறேன்” என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை.

அவர் எடுத்து வைத்தது 5டபிள்யூ-30 (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண்), முழு சிந்தெடிக், ஒரு லிட்டர் 850 ரூபாய். டப்பாவின் முகப்பில் ஒரு வெள்ளைக் கார். நான் ஒன்றும் முழு முட்டாள் இல்லை, கேட்டேன். “அண்ணா, இதில் கார் படம் போட்டிருக்கிறதே?”

சிரித்தார். “தம்பி, இருபது லட்ச ரூபாய்க் காரையே காப்பாற்றுகிற ஆயில். உன் பைக்கைக் காப்பாற்றாதா?”

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். கேட்கும்போது அவ்வளவு நியாயமாக இருந்தது. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். கூடவே ஒரு சின்னக் குப்பி, 450 ரூபாய். ஆயிலோடு கலந்து ஊற்றினால் உராய்வு குறையும், மைலேஜ் கூடும் என்றார். அதற்கும் தலையாட்டினேன். மாற்றுக்கூலி 100. ஆக 1,400 ரூபாய். பில் கேட்கவில்லை. அவராகவே கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘ஆயில் 1400’ என்று இருந்தது, அவ்வளவுதான். மாடியில் புதினா வைக்கலாமே என்று காலி டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். செய்தவற்றுள் உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஊருக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. கடைக்குப் போன் செய்து நன்றி வேறு சொன்னேன்!

ஞாயிறு காலை காரவள்ளி அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்தோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். இருபதை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் அலறியது, வண்டி மட்டும் முன்னே போகவில்லை. கியரைக் குறைத்தேன், அதே அலறல். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுக் கிளம்பினால் நாலைந்து வளைவு தாங்கும், மறுபடி படுத்துவிடும். முப்பத்தொன்றாவது வளைவில் இரண்டாம் கியரில்கூட நகரவில்லை. மனைவி இறங்கி நடந்து வந்தாள். மேலேயிருந்து பஸ் இறங்கும்போதெல்லாம் இரண்டு பேரும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தேன். “புது ஆயில் ஊற இருநூறு கிலோமீட்டர் ஆகும் தம்பி, மெதுவாக ஓட்டு.” அரை மணி கழித்து மறுபடி செய்தேன். “கிளட்ச் கேபிளை இறுக்கிப் பார்.” மூன்றாவது முறை எடுத்தது கடைப் பையன். “முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார்.” மணி பதினொன்று.

சின்ன சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்துப் பைக்கை ஏற்றி நாமக்கல் வந்து சேர 2,200 ரூபாய். அறப்பளீஸ்வரரைப் பார்க்கவில்லை. அவருக்கு வாங்கிய தேங்காய் அன்றிரவு சட்னியாயிற்று.

திங்களன்று என் மெக்கானிக் பட்டறையைத் திறந்தார். கிளட்ச் பக்க மூடியைக் கழற்றியவர் ஒரு பிளேட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சொரசொரப்பாக இருக்க வேண்டிய பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது, தீய்ந்த வாடை வேறு. “என்ன ஆயில் ஊற்றினார்கள்?” என்று கேட்டார். வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்தேன். பின்பக்கத்து வட்ட முத்திரையைத் தேய்த்துத் துடைத்துக் காட்டினார். கீழ் அரைவட்டத்தில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று இருந்தது. எரிபொருள் மிச்சமாகும் வகை, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போட்டது. காரில் அது நல்லது. அங்கே கியர் பெட்டியும் கிளட்சும் எஞ்சின் ஆயிலைத் தொடுவதில்லை, கிளட்ச் எஞ்சினுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கிறது. என் வண்டியைப் போன்ற கியர் பைக்கில் கதையே வேறு. பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அந்த ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அதில்தான் ஊறிக்கிடக்கின்றன. ஆயிலில் ஊறினாலும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும், பிடித்தால்தான் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும். உராய்வே இல்லாமல் செய்துவிட்டால் எதைப் பிடிக்கும்? போதாததற்கு அந்த 450 ரூபாய்க் குப்பி. வழுக்குப் பாறையில் விளக்கெண்ணெயும் ஊற்றியதுபோல் ஆயிற்று.

ஒன்றை மறைக்கக்கூடாது. பிளேட்டுகள் ஏற்கனவே பாதி தேய்ந்திருந்தன என்று மெக்கானிக்கே சொன்னார். “ஆனால் சரியான ஆயில் என்றால் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும்” என்றும் அவரே சொன்னார். ஏழு வருடமாக சீட்டுக்கு அடியில் கிடக்கும் கையேட்டை அவர் உருவிப் பிரித்தார். 20டபிள்யூ-50, ஜேசோ எம்ஏ (ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

கணக்கு: கடையில் 1,400, சரக்கு வண்டி 2,200, கிளட்ச் பிளேட்டுகளும் ஸ்பிரிங்கும் 1,780, கேஸ்கெட்டும் ஃபில்டரும் 210, ஆயில் இரண்டு முறை (பழையதைக் கழுவி எடுக்க ஒன்று, ஓட ஒன்று) 920, கூலி 950. கூட்டினால் அதே 7,460.

புதன்கிழமை பழைய பிளேட்டுகளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஸ்டூலும் இல்லை, டீயும் இல்லை. முக்கியமாக, தம்பி போய் சார் ஆகிவிட்டேன். “சார், உங்கள் வண்டி பழைய வண்டி.” “சார், மலைக்கு இரண்டு பேர் ஏறினால் அப்படித்தான்.” வெள்ளியன்று மறுபடி போனால், “ஆயிலில் குறை என்றால் கம்பெனியிடம் கேளுங்கள், நாங்கள் செய்வது வெறும் விற்பனை.” ஆயிலில் ஒரு குறையும் இல்லை ஐயா, அது நல்ல ஆயில்தான், காருக்கு! அதை என் பைக்கில் ஊற்றியது கம்பெனியா, நீங்களா என்று கேட்டேன். “நல்ல ஆயில் கேட்டீர்கள், கொடுத்தோம். பில் இருக்கிறதா?” என்றார். துண்டுச் சீட்டை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் எங்கள் கடைப் பெயர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அவர் கையால் எழுதிய சீட்டு!

நேற்று சனிக்கிழமை போனபோது முதலாளி இல்லையாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். கிளம்பும்போது கடைப் பையன் ஓடி வந்து, அடுத்த முறை ஆயில் மாற்றினால் 200 ரூபாய் தள்ளுபடி தருவதாக முதலாளி சொல்லச் சொன்னார் என்றான். இல்லாத முதலாளி!

ஆயில் தேர்வு பற்றி விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கையேட்டைப் பாருங்கள், அதில் போட்டிருக்கிற கிரேடு எண்ணையே கேளுங்கள். விலை கூடினது உசத்தி என்று நம்பாதீர்கள். கியர் பைக் என்றால் டப்பாவில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, வைத்துவிடுங்கள். கார் படம் போட்ட டப்பாவை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், டீ பாதியில் இருந்தாலும் சரி. மைலேஜ் குப்பி வேண்டவே வேண்டாம். சீல் உடைப்பதை நின்று பாருங்கள். ஆயிலின் பெயரும் எண்ணும் எழுதி, கடை முத்திரை போட்ட பில் வாங்குங்கள். 1915 என்று நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. என்னிடம் இருக்கிற சீட்டை வைத்துக்கொண்டு அவர்களிடம் எதைக் காட்டுவேன்?

அப்பாவிடம் இன்று மதியம்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துவிட்டார். “அந்த ஆளா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு பழைய பிளேட்டுகளை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டினார். நாளை திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார், அவரும் வருகிறார்.